பின்னட்டையில் இரண்டு வரி

பின்னட்டையைப் படித்ததும் வந்த ஆத்திரத்தில், சிவப்புப் பேனாவின் மூடி எங்கே போய் விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பதிப்பகத்தில், ஜன்னல் இல்லாத ஒரே அறையில், குழந்தைகள் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். ஆனால் இன்றைக்கு வந்தது வேறு ரகம்.

புத்தகம் ஒரு தொடரின் மூன்றாவது பாகம், கடைசிப் பாகம். யாரோ பெயர் போடாமல் வரைபடங்களை அனுப்ப, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள் ஒரு சிறுமி. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தின் கதவு முன்னால் நிற்கிறாள். உள்ளேயிருந்து ஒரு குரல் அவளை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் சொல்லி அழைக்கிறது. அத்தோடு முடித்துவிட்டு எழுத்தாளர் பதினான்கு மாதம் ஆளையே காணோம். அந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ, அட்டை எழுதிய புண்ணியவானுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டே வரியில் போட்டு உடைத்திருந்தார்: ‘கதவைத் திறந்தால், கடலில் மூழ்கியதாக நம்பிய அப்பா! கண்ணீரும் சிரிப்புமாய் மீண்டும் இணையும் குடும்பம்!’

மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா மகள். பதினோரு வயது, வீட்டில் பெயர் மிளகாய். முனைக் கடைப் புத்தகக்காரரிடம் முன்பதிவில் முதல் பெயர் அவளுடையதுதான். சனிக்கிழமை தவறாமல் சித்தி வீட்டுக்கு வந்து, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல், போதும் என்று நச்சரிப்பாள். சித்தி வாயைத் திறக்கமாட்டாள். புதுப் புத்தகம் கைக்கு வந்தால் மிளகாய் முதலில் பின்னட்டையைத்தான் படிப்பாள், அதுவும் கடை வாசலிலேயே, தெருவுக்கே கேட்கும்படி.

மிளகாயின் அப்பா வேலை என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு வீடு. அக்கா இதைத் தன் மகளிடம் இதுவரை சொல்லவில்லை. ஊரையே கேள்வி கேட்டுக் குடைகிற பெண், இதை மட்டும் கேட்டதில்லை. கதையில் வரும் அப்பாவும் மூழ்கவில்லை, தானாகத்தான் போயிருக்கிறார். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் மிளகாய் இருநூறு பக்கம் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து நடந்திருக்கலாம். அதற்குப் பதிலாக நடுத்தெருவில், இரண்டு வரியில், ஆச்சரியக்குறியோடு முகத்தில் அறையப் போகிறார்கள்.

போதாக்குறைக்கு அது பச்சைப் பொய். கதையில் யாரும் யாரோடும் இணையவில்லை. அந்தச் சிறுமி அப்பாவை நிற்கவைத்து நாலு பக்கம் கேள்வி கேட்கிறாள். பிறகு படியிறங்கிப் போய்விடுகிறாள்.

அட்டைத் தாளை எடுத்துக்கொண்டு, பின்னட்டை வாசகங்களுக்குப் பொறுப்பான விற்பனை மேலாளரின் அறைக்கு நேரே போனாள். அவர் போனை வைக்கும்வரை நின்றாள். முடிவைச் சொல்லிவிட்டீர்கள் சார் என்றாள். வாங்குவது பிள்ளைகளா, பெற்றவர்கள்தானே, முடிவு சந்தோஷமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கையில் எடுப்பார்கள் என்று அவர் பாடம் நடத்தினார்.

“முடிவு அப்படி இல்லையே சார். அவ அவரைக் கட்டிப்பிடிக்கவே இல்ல. நீங்க படிச்சீங்களா?”

“வர்றதை எல்லாம் படிச்சிட்டிருந்தா விக்கிறது யாரு? மேடம், நீங்க கமா, புள்ளி பாருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பதினோரு வருடத்தில் இந்தக் கமா புள்ளியை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு சங்கதி உண்டு: கடைசி மெய்ப்பில் அவள் கையெழுத்து விழுந்தபிறகு வேறு யாரும் பார்ப்பதில்லை. தாள் நேராக அச்சகத்துக்குப் போகும். அவள் சிவப்பில் அடித்தால் அடித்ததுதான். அந்த இரண்டு வரியையும் அடித்து, ஓரத்தில் ‘நீக்கவும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிய அன்றே மேலாளர் கூப்பிட்டனுப்பினார். யாரைக் கேட்டு அடித்தீர்கள் என்று குதித்தார். பிழை திருத்துகிற வேலை என்னுடையது, பிழையைத் திருத்தினேன் என்றாள். அடுத்த நாளிலிருந்து கதைப் புத்தகங்கள் அவள் மேசைக்கு வரவில்லை. தண்ணீர் மோட்டார்களுக்கான கையேடுகள் வந்தன. நட்டை இடப்பக்கம் திருகவா வலப்பக்கம் திருகவா என்று பார்ப்பதுதான் இனி அவள் பிழைப்பு.

புத்தகம் கடைக்கு வந்த சனிக்கிழமை மிளகாய் வாசலிலேயே பின்னட்டையைச் சத்தமாகப் படித்தாள். ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டே சித்தி வீட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு வந்து சித்தி எதிரில் நின்றாள். அழுதிருப்பாள் என்று சித்தி எதிர்பார்த்திருந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“கதவுக்குப் பின்னாடி யாருன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?”

“தெரியும்டி. சொன்னா நீ படிக்கிறதே வீணாயிடும்னுதான்...”

“எங்க அப்பா வேலைக்குப் போகலன்னும் தெரியும்ல?”

அட்டையில் இரண்டு வரிப் பொய்க்காக வேலையைப் பணயம் வைத்தவள், வீட்டுக்குள் இரண்டு வருடமாக ஓடிய பொய்யில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. அக்கா சொல்லட்டும், அக்காவின் பாடு என்று சௌகரியமாக ஒதுங்கியிருந்தாள். மேலாளர் மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது.

“தெரியும்” என்றாள்.

“எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட மட்டும் கதை விட்டீங்க.” மிளகாய் கையை நீட்டினாள். “போன் குடு. அப்பாகிட்ட பேசணும்.”

அம்மா வரட்டும் என்று சொல்ல வாயெடுத்த சித்தி அதை விழுங்கிக்கொண்டு, தானே எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். நான்காவது மணியில் அவர் எடுத்தார். எப்படி இருக்கே கண்ணு, நல்லாப் படிக்கிறியா என்று வழக்கமான குழைவோடு ஆரம்பித்தது சித்திக்கே கேட்டது.

“ஏம்ப்பா போனே?” என்று கேட்டாள் மிளகாய். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “சொல்லு. நான் வைக்கமாட்டேன்.”