ரலிட்சாவின் ஸ்கேட்டைத் தொட்டது யார்

செர்பியாக்காரர்கள் கொடுத்த சூப்பில் உப்பு கூடுதலாக இருந்தது. முதல் நாளே சொன்னேன், இது தெரிந்தே செய்த வேலை என்று. பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்க வேண்டும், தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்க வேண்டும், வயிறு கனத்து நகர முடியாமல் நிற்க வேண்டும். இதுதான் திட்டம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் ஸ்னெஷானா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெயோ அண்ணே, அவங்க பிள்ளைங்களும் அதே அண்டாவுலேர்ந்துதான் குடிக்குதுங்க."

"குடிக்கிற மாதிரி நடிக்குதுங்க," என்றேன்.

மேசையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பல்கேரியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஒன்பது வருடமாகச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். சட்டை துவைப்பது, மட்டைக்கு டேப் சுற்றுவது, ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பது எல்லாம் என் தலையில். சந்தேகப்படுவது மட்டும் யாரும் கொடுக்காத வேலை, நானாக எடுத்துக்கொண்டது. அதையும் யாராவது ஒருத்தர் செய்துதானே ஆக வேண்டும்?

உலகப் போட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் ஆடுவது கடைசிக்கு முந்தின பிரிவு. செர்பியாவில், சாவா ஆற்றங்கரையில் ஒரு பழைய அரங்கம். கூரை ஒழுகும். பார்க்க வருகிறவர்கள் எங்கள் பெற்றோர், அவர்கள் பெற்றோர், பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிவந்து உட்கார வைத்த குழந்தைகள். ஆனாலும் ஆறு அணிகளில் கடைசியாக வருகிற அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் அடுத்த வருடம் பெண்கள் அணியே கிடையாது என்று எங்கள் சங்கம் வாய் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தது. இருபது பெண்கள். விடிகாலை ஐந்து மணிக்குத்தான் பனித்தளம் காலியாக இருக்கும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பழகியவர்கள். 

கடைசி ஆட்டம் எங்களுக்கும் செர்பியாவுக்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு. ஜெயிக்கக்கூட வேண்டாம். அறுபது நிமிடம் முடியும்போது இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் ஒரு புள்ளி வரும், தப்பித்துவிடுவோம். தோற்றால் போச்சு.

அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு முந்தின நாள் அந்த மிலுதின் என் அறை வாசலில் வந்து நிற்கிறான். அரங்கத்துச் சாணைக்காரன். மலை மாதிரி ஆள், இடது கையில் ஒரு விரலின் நுனி கிடையாது. கையில் ஒரு பாட்டில்.

"அண்ணே, எங்க வீட்டுத் தோட்டத்து ராக்கியா. ப்ளம் பழத்துல போட்ட சாராயம். ஒரே தொழில் பண்றவங்க நாம, வச்சுக்கங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? குடிக்கத்தான்." சிரித்தான். "உங்க மெஷின் சத்தம் போடுதே, கல்லு தேஞ்சிருக்கும் போல. வேணும்னா என்னோடதுல வந்து போட்டுக்கங்க. கூச்சப்படாதீங்க."

அவன் செர்பிய மொழியில் பேசினான், நான் பல்கேரிய மொழியில் பேசினேன். பாதி புரியும், மீதிப் பாதியைச் சந்தேகப்பட்டுக்கொள்ளலாம். என் மெஷின் சத்தம் போடுகிறது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் உஷாராகிவிடுவான். குடிப்பேனா? துண்டுகளுக்கு அடியில், என் பையின் கீழே வைத்தேன். சோபியாவில் என் மைத்துனன் மருந்துக்கடையில் இருக்கிறான், அவனிடம் கொடுத்து உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வதாக எண்ணம்.

மறுநாள் ஆட்டம் தொடங்கியது, இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. எங்கள் கோல்கீப்பர் ரலிட்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயது, ஒல்லி. அவ்வளவு பெரிய கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்கிறாள் என்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு வழுக்கிக்கொண்டு போவாள் பாருங்கள், வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருக்கும். அன்றைக்கு முதல் இரண்டு பகுதியில் முப்பத்தொரு அடிகளைத் தடுத்தாள். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவளைத் தேடித் தேடி வந்து மோதியது. இரண்டாம் பகுதி முடியும்போது இரண்டுக்கு இரண்டு. இன்னும் இருபது நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும்.

இடைவேளையில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்கேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்னெஷானா பலகையில் கோடு போட்டு மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் ரலிட்சாவின் ஸ்கேட்டை எடுத்துத் துடைத்தேன். துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை பிளேடின் உள்விளிம்பில் வைத்து இழுத்தேன். கூர் இருந்தால் நகத்தில் மெல்லிய சீவல் வரும். வரவில்லை. மற்ற காலையும் பார்த்தேன். அதுவும் மழுங்கல். வெளிவிளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது, உள்விளிம்பு மட்டும் மொக்கை.

எனக்கு ரத்தம் கொதித்தது. முந்தின நாள் மதியம் என் கையால் சாணை பிடித்துக் கொடுத்த ஸ்கேட் இது! தானாக எப்படி மழுங்கும்? இரண்டு காலிலும், உள்பக்கம் மட்டும்? கல்லை வைத்துத் தேய்த்திருக்கிறான். அறைச் சாவி அரங்கத்து ஆட்களிடம் இருக்கிறது. ராக்கியா, மெஷின் சத்தம், 'கூச்சப்படாதீங்க'. அடப்பாவி மிலுதின், குழந்தைகள் விளையாட்டில் இப்படியா?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரலிட்சா பயந்துவிடுவாள், ஸ்னெஷானா கத்துவாள், அந்தப் பக்கம் உஷாராகிவிடும். இரண்டு ஸ்கேட்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினேன். என் மெஷினில் போட்டேன். பொறி பறந்தது. ஆறே நிமிடத்தில் இரண்டையும் முடித்தேன். நகத்தை வைத்தால் சுருள் சுருளாக வந்தது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு அழகாக நான் சாணை பிடித்ததே இல்லை.

திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. ரலிட்சா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முட்டி போட்டு நானே அவளுக்குக் கயிறு கட்டிவிட்டேன்.

"என்ன மாமா, இன்னைக்கு ராஜ உபசாரம்?"

"நீ போய் நில்லும்மா. ஒருத்தனும் ஒண்ணும் கழட்ட முடியாது," என்றேன். அவள் புரியாமல் சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் பகுதி ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ரலிட்சா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு எங்கள் பெஞ்சைப் பார்த்தாள். ஆட்டம் அந்தப் பக்கம் போன ஒவ்வொரு முறையும் கோல் கம்பத்தில் காலின் உள்பக்கத்தை வைத்துத் தேய்த்தாள். கிரீச், கிரீச். பெஞ்சு வரை கேட்டது.

"என்ன பண்றா இவ?" என்றாள் ஸ்னெஷானா.

"ஏதாவது வேண்டுதலா இருக்கும்," என்றேன். கோல்கீப்பர்களுக்கு அப்படி ஆயிரம் இருக்கும், ஒருத்தி கம்பத்துக்கு முத்தம் கொடுப்பாள். ஆனால் அவள் நிறுத்தவில்லை. ஒரு முறை வழுக்கப் போனவள் பாதியில் தடுக்கி, கையை ஊன்றிச் சமாளித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்புக் கம்பத்தில் எதற்குத் தேய்ப்பார்கள்? கூர்மையைப் போக்கத் தேய்ப்பார்கள். அவளே மழுக்கிக்கொண்டிருக்கிறாள்.

  நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் கல்லை வைத்து இழுத்துவிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. நான் தப்பு செய்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. செர்பியாக்காரி ஒருத்தி இடது ஓரத்திலிருந்து பக்கை வலது ஓரத்துக்குத் தள்ளினாள். ரலிட்சாவுக்கு அது தினம் தினம் தின்கிற சோறு. முழங்காலை மடக்கி, இடது காலை உந்தி வழுக்க வேண்டும், அவ்வளவுதான். உந்தினாள். ஸ்கேட் பனியில் ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. அவள் முகம் குப்புற விழுந்தாள். காலியான கோலுக்குள் பக் மெதுவாக, நிதானமாகப் போனது.

மூன்றுக்கு இரண்டு. அப்படியே முடிந்தது. ஜெயித்தவர்களின் தேசிய கீதம் முடியும் வரை தோற்றவர்கள் பனித்தளத்து நீலக் கோட்டில் வரிசையாக நின்று கேட்க வேண்டும், அது முறை. எங்கள் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் கண்ணைத் துடைக்கவில்லை, கையுறை ஈரம் என்பதால்.

உடை மாற்றும் அறையில் ரலிட்சா வெடித்தாள்.

"என் ஸ்கேட்டை யாரோ தொட்டிருக்காங்க! உள்விளிம்பு கத்தி மாதிரி இருக்கு. என்னால வழுக்கவே முடியல!"

எங்கள் அணி மேலாளர் பொகொமில் அங்கே இருந்தார். சங்கத்து ஆள், கோட்டுப் போட்டவர். "தொட்டிருக்காங்களா? யாரு?"

"நேத்து நான்தான் மிலுதின்கிட்ட கொடுத்தேன். இங்க பனி இளகிக் கெடக்கு, கூரா இருந்தா கடிச்சுக்குது, உள்பக்கம் கொஞ்சம் மழுக்கிக் கொடுங்கன்னு. அழகா பண்ணிக் கொடுத்தாரு. ரெண்டு பகுதி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அப்புறம்தான்..."

"போதும்," என்றார் பொகொமில். "அந்த செர்பியாக்காரன் இடைவேளையில உள்ள வந்து வேலைய காட்டியிருக்கான். ஆட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். ஆட்டத்தையே ரத்து பண்ண வைக்கிறேன் பாரு." பேனாவை எடுத்தார். பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அழுத முகத்தில் எல்லாம் ஒரு வெளிச்சம் வந்தது.

மிலுதினைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்தான். ஸ்கேட்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, நகத்தை வைத்து இழுத்தான்.

"இது என் கல்லு இல்ல. பாருங்க, கோடு கோடா இருக்கு. தேஞ்ச கல்லுல போட்டது." சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினான். அவன் கண் என் சட்டைக் கைக்கு வந்தது. முழங்கை வரை சாம்பல் நிறத் தூள். அவன் முகம் மாறியது. "அண்ணே..." என்றான், அவ்வளவுதான். நிறுத்திக்கொண்டான்.

அவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் சொல்லவில்லை.

"நான்தான்," என்றேன். "மழுங்கியிருக்குன்னு நானே இடைவேளையில சாணை பிடிச்சேன். இவன் மேல தப்பு இல்ல."

 பொகொமில் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"சூப்புல உப்பு கூடினாலே சதின்னு சொல்ற ஆளுய்யா நீ. இன்னைக்கு மட்டும் செர்பியாக்காரனுக்கு வக்காலத்தா? யாரைக் காப்பாத்தப் பாக்குற?"

"சத்தியமா நான்தான்..."

"உன் பையைக் காட்டு."

நானே திறந்தேன். மறைக்க என்ன இருக்கிறது என்ற ரோஷத்தில் திறந்தேன். பொகொமில் துண்டுகளை அள்ளி வெளியே போட்டார், அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடி உடைக்காத ராக்கியா. கழுத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. அண்ணன் பெயோவுக்கு, மிலுதின் என்று கையெழுத்தில்.

"ஓகோ," என்றார் பொகொமில்.

"அது சோதனைக்கு வச்சிருந்தேன். விஷம் இருக்கும்னு..."

மிலுதின் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஸ்கேட்டைப் பெஞ்சில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். பொகொமில் எழுதின தாளைக் கிழித்தார். எங்கள் ஆளே நான்தான் செய்தேன் என்று சொல்கிறபோது எந்த நடுவர் புகாரை வாங்குவார்? ஸ்னெஷானா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. நம்பினாளா, விலைபோனவன் என்று நினைத்தாளா, இன்று வரை எனக்குத் தெரியாது.

ரலிட்சா மட்டும் என் பக்கத்தில் வந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து, அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நெஜமாவே நீங்கதானா மாமா?"

"ஆமாம்மா. அவன் கெடுத்துட்டான்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவன்கிட்ட எதுக்குப் போன?"

"உங்ககிட்ட வந்து, உங்க சாணை எனக்குச் சரிப்படலன்னு சொன்னா விடுவீங்களா? யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேப்பீங்க. எதிராளி ஆள்னு என்னையே சொல்வீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அப்படியேதான் கேட்டிருப்பேன்.

சாயங்காலம் பேருந்தில் சாமான் ஏற்றினேன். இருபது பை. வழக்கமாகப் பெண்கள் பையை என் காலடியில் வீசிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள், எது எங்கே என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கும் வீசினார்கள், பேசாமல் வீசினார்கள். எண்ணினேன். எல்லாம் இருந்தது. ரலிட்சாவின் பையும் இருந்தது. தூக்கினால் கனம் குறைவாக இருந்தது.

உள்ளே ஏறிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்கேட்டும் மடியில்.

"கொடும்மா, கீழ வச்சிடறேன். கூரா இருக்கு, கையைக் கிழிச்சிடும்."

"வேணாம் மாமா. நானே வச்சுக்கறேன்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேம்மா."

"தெரியும்," என்றாள்.

முன் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். எல்லையில் கடவுச்சீட்டு பார்க்க வண்டி நின்றபோது இருட்டிவிட்டது, உள்ளே விளக்கைப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள், கன்னத்தில் முகக்கவசம் அழுத்தின சிவப்பு அப்படியே இருந்தது. இரண்டு ஸ்கேட்டின் கயிற்றையும் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.