கொய்யாப் புகை

நவம்பர் இரண்டாம் தேதி, காலை பதினொன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, செத்து ஏழு மாதம் ஆகியிருந்த நபோரின் வேப், அதாவது அவர் இழுத்துக்கொண்டிருந்த மின்சிகரெட், படையலின் இரண்டாவது படியில் வைத்தது வைத்தபடி இருக்க, ஒரு இழுப்பு இழுத்துப் புகை விட்டது. கொசுறுப் புகை இல்லை. நான்கு மெழுகுவர்த்திகளையும் சுற்றிக்கொண்டு வந்து, நபோரின் போட்டோவுக்கு முன்னால் சற்று நின்று, பிறகுதான் கூரையைப் பார்த்துப் போனது. அறை முழுக்கக் கொய்யாப்பழ வாசனை. நபோர் உயிரோடு இருந்தபோது அந்த வாசனை அவருக்கு அரைத் தெரு முன்னால் வீட்டுக்குள் வரும். அப்போது அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் குடிக்காதவர்கள் என்பதால் இதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

எவரிஸ்தோவுக்குச் செய்தி எட்டியபோது அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் அது இரண்டாவது முறை. சந்தை மூலையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர், ஐம்பத்தெட்டு வயது, பெண்டாட்டி போய்ப் பதினான்கு வருடம். வேப் விற்கக்கூடாது என்று நாட்டில் சட்டம் உண்டு. ரிப்பேர் செய்யக்கூடாது என்று அவரிடம் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. எனவே ஊரிலுள்ள அத்தனை வேப்பும் செல்போன் கவருக்குள் ஒளிந்துகொண்டு அவர் கடைக்குத்தான் வரும்.

சோள ரொட்டி மில் வைத்திருக்கும் பொர்பீரியோ மூச்சிரைக்க வந்து கதவில் சாய்ந்தார்.

"மாஸ்டர், கத்தியக் கீழ வைங்க. நபோர் தம் அடிக்கிறான்."

"எந்த நபோர்?"

"நம்ம ஊர்ல எத்தன செத்த நபோர் இருக்கான்? தொமித்தில்லா உங்கள உடனே கூட்டியாரச் சொல்லுச்சு. பாதி மூஞ்சியோட வந்தாலும் பரவாயில்லையாம்."

எவரிஸ்தோ கத்தியைக் கீழே வைத்தார். நுரையைத் துண்டால் வழித்துவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டார்.

அன்று இரண்டு முறை மழித்துக்கொண்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஆகஸ்ட் மாதம் அவர் நபோரின் பெண்டாட்டியாக இருந்த தொமித்தில்லாவிடம், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, "நபோர் மொத வருசத்துக்கு வந்து போகட்டும். அவர வழியனுப்பிட்டு அன்னைக்கே சொல்றேன்" என்றாள். செத்தவர்கள் வருடா வருடம் நவம்பர் முதல் தேதி மதியம் தங்கள் வீட்டுப் படையலுக்கு வருவார்கள். இரண்டாம் தேதி மதியம் கோவில் மணி பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிடுவார்கள். நபோர் வந்து இருபத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மீதி ஒரு மணி நேரம் எவரிஸ்தோவுடையது.

வாசலில் கூட்டம். தெருவிலிருந்து படையல் வரைக்கும் செண்டுமல்லி இதழால் பாதை போட்டிருந்தார்கள், வந்தவர் வழி தப்பாமல் திரும்பிப் போவதற்காக. எவரிஸ்தோ இதழ்களை மிதிக்காமல் காலை அகட்டி வைத்து, இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். படையலில் பச்சை விளக்கு மினுங்கியது. புஸ் என்று ஒரு புகை.

கூட்டம் ஒரே ஆளாக மூச்சை உள்ளே இழுத்தது.

"பாத்தீங்களா அண்ணி?" நபோரின் தங்கை செனைதா படையலுக்குக் காவல் நிற்பவள் மாதிரி நின்றாள். கையிலிருந்து நழுவிய மோலே குழம்பு அவள் பாவாடையிலிருந்து மார்புவரை தெறித்திருந்தது. "ஒரு தடவ விட்டுட்டு இவ்வளவு நேரம் கம்முனு இருந்தாரு எங்கண்ணன். இவரு கால வெச்ச உடனே மூச்சு விடுறாரு. இதுக்கு மேல என்ன சொல்லணும் அவரு? எழுதிக் குடுக்கணுமா?"

"காத்தும்மா," என்றார் எவரிஸ்தோ. "உறிஞ்சினா எரியிற சாமான் அது. உள்ள ஒரு சென்சார் இருக்கு. காத்து அழுத்தம் மாறினா யாரோ இழுக்கிறாங்கன்னு நெனச்சுக்கும். நான் கதவத் திறந்தேன், காத்து அடிச்சுது."

"அப்போ கதவ யாரு திறந்தாலும் ஊதணும்ல?"

"ஊதணும்."

செனைதா பொர்பீரியோவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பொர்பீரியோ திறந்துகொண்டு வந்தார். நூற்றுப்பத்து கிலோ ஆள். அவர் வந்தால் காற்று வேறு வழி பார்த்துத்தான் போகவேண்டும். வேப் சும்மா கிடந்தது. அடுத்து பக்கத்து வீட்டு நாய். வேப் அதையும் கண்டுகொள்ளவில்லை. பிறகு எவரிஸ்தோவை வெளியே போய் வரச் சொன்னார்கள். போய் வந்தார். புஸ். மறுபடி போய், வேறு யாரோ மாதிரி, முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக வந்தார். புஸ். மூன்றாவது தடவை கண்ணில்படாமல் தவழ்ந்து வரலாமா என்று யோசித்தார். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட கால்சட்டை என்பதால் விட்டுவிட்டார்.

தொமித்தில்லா ஊரில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள்; பேசுமுன் எதையும் ஒருமுறை அளந்துகொள்வாள். இப்போது அவள் முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. "எவரிஸ்தோ, இது என்னன்னு எனக்குத் தெரியணும். பன்னிரண்டு அடிக்கிறதுக்குள்ள. நிசமாவே அவர்தான்னா நான் அவர்கிட்டப் பேசணும். அவர் இல்லன்னா உங்ககிட்டப் பேசணும்."

எவரிஸ்தோ படையல் முன்னால் தரையில் துணி விரித்து உட்கார்ந்தார். பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் சார்ஜர், அப்புறம் பேட்டரி, அப்புறம் முனைகள், அப்புறம் சூடேறிப் புகை எழுப்பும் காயில் கம்பி, கடைசியில்தான் சென்சார். உண்மையில் எங்கே கோளாறு என்று அவருக்குக் கதவைத் திறந்தபோதே தெரியும். தெரிந்த இடத்துக்குக் கடைசியாகப் போவதற்கு ஒழுங்கு என்பது வசதியான சாக்கு.

சார்ஜர் தப்பாகத்தான் இருந்தது. வருகிற ஆள் தன் வேப் காலியாகக் கிடப்பதைப் பார்த்து வருத்தப்படக்கூடாது என்று, செனைதா தன் புது செல்போனின் வேகச் சார்ஜரை நேற்று மதியத்திலிருந்து அதில் சொருகி வைத்திருந்தாள். பக்கத்திலேயே நான்கு மெழுகுவர்த்தி, அதற்குப் பக்கத்தில் சாம்பிராணிச் சட்டி.

"நல்லா வெச்சீங்க," என்றார் எவரிஸ்தோ. "இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்திருந்தா நபோர் தனியாப் போயிருக்க மாட்டான். இந்தத் தெருவையே துணைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பான்."

வயரைப் பிடுங்கினார். மூடியைத் திருகிப் பேட்டரியை வெளியே எடுத்தார். டார்ச் லைட்டில் போடுவது போன்ற உருளை. லேசான சூடு, வீக்கம் இல்லை, மேலுறை கிழியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். நிறைந்திருந்தது. முனைகள் சுத்தம். காயில் தேய்ந்திருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. அடிமூடியின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு நகப்பாலீஷ் பொட்டு இருந்தது. தன் கையால் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அவர் வைக்கும் அடையாளம் அது. அந்தப் பொட்டு இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் நபோர் கடைக்கு வந்து இதை மேசையில் போட்டு, "பாக்கெட்ல இருக்கும்போதே தானா எரியுதுடா. தொடையச் சுடுது. பெண்டாட்டி கிள்ளுறான்னு நெனச்சுத் திரும்பிப் பாத்தா அவ அடுப்படில நிக்கிறா" என்று சிரித்தார். சென்சாரில் திரவம் ஊறியிருந்தது. மாற்றவேண்டும். மாற்றுவதற்கு எவரிஸ்தோவிடம் சரக்கு இல்லை. தலைநகரத்திலிருந்து வரப் பத்து நாளாகும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார், விளக்குக்கு அடியில் காயவைத்தார், இழுத்துப் பார்த்தார், ஒழுங்காக வேலை செய்தது. "புதுசு போட்டாச்சு" என்று சொல்லிக் கொடுத்தார். பெரிய பொய் இல்லை. ரிப்பேர்க்காரர்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்கிற பொய். சரக்கு வந்ததும் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்றும் நினைத்தார். சரக்கு வந்தபோது நபோர் இல்லை.

சின்னத் திருப்புளியால் தகட்டைத் தூக்கினார். பழைய சென்சார் அங்கேயே இருந்தது, பச்சை பூத்து, ஓரத்தில் அவருடைய பஞ்சின் ஒரு இழையோடு.

சரி, என்று நினைத்துக்கொண்டார். ஈரம், சூடு, கதவுக் காற்று. பொர்பீரியோவுக்கு ஊதாமல் எனக்கு மட்டும் ஊதியதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். அதைச் சாவகாசமாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று தலையைத் தூக்கினார்.

படையலுக்குப் பக்கத்தில் நாற்காலி. வருகிறவர் மாற்றிக்கொள்வதற்காக, அதன்மேல் நபோரின் துணிமணி துவைத்து மடித்து வைத்திருந்தது: வெள்ளைச் சட்டை, பெல்ட், சாம்பல் நிறக் கால்சட்டை. கால்சட்டையின் வலது பாக்கெட்டில் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை. கிழிசல் இப்படி வட்டமாக வராது. ஓரமெல்லாம் பழுப்பாகி, உருகி, கெட்டியாகி இருந்தது. எவரிஸ்தோ நாற்பது வருடமாக ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடிக்கிறவர். நெருப்பின் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"அது," என்றார். "அது எந்தக் கால்சட்ட?"

"அன்னைக்குப் போட்டிருந்தது," என்றாள் தொமித்தில்லா. "ஆஸ்பத்திரில குடுத்தாங்க. விழுறப்ப கிளை கிழிச்சிருக்கும் போல. தைக்கணும் தைக்கணும்னு இருந்தேன். ஊரான் துணியெல்லாம் தைக்கிறேன், இதத் தொட்டா மட்டும் ஊசி இறங்க மாட்டேங்குது."

"கிளையாவது ஒண்ணாவது," என்றார் பொர்பீரியோ. நபோர் மரத்திலிருந்து விழுந்த கதையை இருநூறு தடவை சொல்லியிருப்பார். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் வெளியூர் என்பதால் இருநூற்று ஒன்றாவது தடவைக்குத் தயாரானார். "குளவிங்க. நான்தான் ஏணிக்குக் கீழ நின்னேன். உச்சிக் கிளையில கையெட்டி அவகாடோ பறிக்கிறான். திடீர்னு 'ஐயோ'ன்னான். வலது தொடையில பட்டு பட்டுன்னு அடிச்சுக்கிட்டான். ரெண்டு கையும் ஏணிய விட்டுருச்சு. இவ்வளவு பெரிய குளவியா இருந்திருக்கணும்." கட்டைவிரலைக் காட்டினார். ஏப்ரலில் அது சுண்டுவிரலாக இருந்தது.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் எவரிஸ்தோ.

"எத?"

"குளவிய."

பொர்பீரியோ வாயைத் திறந்தார். ஏழு மாதமாக அந்தக் குளவிக்கு நிறம் கொடுத்து, கொடுக்கு கொடுத்து, ரீங்காரமும் கொடுத்திருந்தார். "பாக்கல," என்றார் மெதுவாக. "அடிச்சுக்கிட்டதத்தான் பாத்தேன்."

எவரிஸ்தோவின் காதுக்குள் ஏதோ கொய்யென்றது. உட்கார்ந்திருப்பது தரையில் என்பது ஞாபகம் இருந்தாலும், எங்கிருந்தோ விழுந்துகொண்டிருப்பது போல இருந்தது. பேட்டரி வலது கையில், வேப்பின் உடல் இடது கையில். இரண்டையும் பார்த்தார். யாருக்கும் தெரியாது. சென்சார் என்றால் என்னவென்று இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஈரம் என்று சொன்னால் ஈரம்தான். காற்று என்று சொன்னால் காற்றுதான்.

கோவில் மணி முதல் அடி அடித்தது.

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. செனைதா சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு. மூன்று. எவரிஸ்தோ எழுந்தார், கால் மரத்துப்போயிருந்ததால் தடுமாறிப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?" என்றாள் தொமித்தில்லா.

"சென்சார்ல ஈரம். வேற ஒண்ணுமில்ல. அது நபோர் இல்ல."

அவள் தோள்கள் இறங்கின. நான்கு. ஐந்து. முகத்தில் இரத்தம் திரும்பியது. ஏழு மாதத்தில் முதல்முறையாக, சின்னதாக, அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடப் போனாள். அளவு எடுத்துப் பழகிய அந்த மூளை அப்போதுதான் நாடாவை மறுபடி விரித்தது.

"சென்சார்தான் புதுசு போட்டீங்களே," என்றாள். "அன்னைக்கு வந்து சொன்னாரே. எவரிஸ்தோ புதுசு போட்டுட்டான், இனிமே சுடாதுன்னு."

ஆறு. ஏழு.

ஒரு 'ஆமாம்' போதும். ஊரில் எல்லாரும் தலையாட்டிவிட்டு ரொட்டி தின்னப் போய்விடுவார்கள்.

"போடல," என்றார் எவரிஸ்தோ.

பேட்டரியைப் பிடித்திருந்த கையால் நாற்காலியைக் காட்டினார்.

தொமித்தில்லா நாற்காலிக்குப் போனாள். எட்டு. கால்சட்டையைத் தூக்கினாள். ஒன்பது. வலது பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். ஓட்டை வழியாக அவளுடைய சுட்டுவிரல் வெளியே வந்தது. அந்தக் கெட்டியான பழுப்பு ஓரத்தை விரல் ஒரு சுற்றுச் சுற்றித் தடவியது. பிறகு நின்றது. சாம்பிராணிச் சட்டி செனைதாவின் கையில் அசையாமல் இருந்தது. பொர்பீரியோ தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து.

எவரிஸ்தோவின் இடது கையில், மூடி கழன்று தகடு தூக்கி வயிறு திறந்து கிடந்த அந்த வேப்பில், பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி வலது கையில் இருந்தது. முதலில் பார்த்த அந்த எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள், குடிக்காத இரண்டு பேர் உட்பட. நிதானமாக ஒரு நீண்ட இழுப்பு. பிறகு கொய்யா வாசனையோடு வந்த புகை இந்த முறை கூரைக்குப் போகவில்லை. படையலைப் பார்த்துத் திரும்பி, தொமித்தில்லாவின் கணுக்காலை ஒருமுறை சுற்றிவிட்டு, தரைக்கு இறங்கி, செண்டுமல்லிப் பாதையைப் பிடித்து வாசலை நோக்கி வந்தது.

பதினொன்று.

எவரிஸ்தோ அப்போதுதான் குனிந்து பார்த்தார். தடுமாறியபோது பாதையின் நடுவில் வந்து நின்றிருந்தார். இரண்டு கால்களும் இதழ்களின் மேல். புகை அவருடைய செருப்பு நுனிவரை வந்து, அங்கேயே நின்றது.

பன்னிரண்டாவது மணிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.