மச்சினனுக்கு லைசன்ஸ்

லைசன்ஸ் கேட்டு வருகிறவர்களைக் கார் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பாஸா ஃபெயிலா என்று முடிவு சொல்வதுதான் அந்த அதிகாரியின் வேலை. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது அவருடைய மச்சினன். கூட வேலை பார்க்கும் இன்னொரு அதிகாரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் வேறு வழியில்லை.

மனைவியின் தம்பி நல்லவன்தான். ஆனால் இருந்த வேலை போனதிலிருந்து அவர் வீட்டு ஹால் சோபாதான் அவனுக்கு ஜாகை. டிவி ரிமோட் அவர் கைக்கு வந்து மாதக்கணக்காகிறது. இப்போது வேறு ஊரில், ஒரு மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை காத்திருந்தது. லைசன்ஸ்தான் பாக்கி.

நன்றாகவே ஓட்டினான். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிகாரி மனசுக்குள் சோபாவில் காலை நீட்டிப் படுத்தே விட்டார்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் வளைந்தபோது, ரோட்டில் இறங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண் சட்டென்று பின்வாங்கினாள். மச்சினன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அதிகாரியின் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியது. அடுத்த கணமே மனசு வாதாட ஆரம்பித்துவிட்டது. அவள்தான் ஒதுங்கிவிட்டாளே. யாருக்கும் அடிபடவில்லையே. பதற்றத்தில் எல்லாருக்கும் வருவதுதானே. இத்தனை நியாயங்களும் இவ்வளவு சீக்கிரம் வந்து நின்றதுதான் அவரை உறுத்தியது. முன்பின் தெரியாதவன் ஓட்டியிருந்தால் இதில் ஒன்றாவது தோன்றியிருக்குமா?

"ஓரமா நிறுத்து" என்றார்.

"எப்படி அத்தான், அலுங்காம போச்சுல்ல?"

"ஃபெயில்."

விளையாட்டு என்று நினைத்து அவன் சிரித்தான்.

"அங்க ஒரு பொண்ணு ரோட்டைக் கடக்க வந்தாளே, பாத்தியா?"

"எங்க?"

"அதனாலதான்."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பாஸ் போடுறீங்க. என் தம்பி நல்லா இருந்தா உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அவன் இங்கயே கிடந்தா எனக்கு மட்டும் கொண்டாட்டமா?"

வாய் தவறி வந்துவிட்டது. சோபாவில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தான், நான் எப்படா கிளம்புவேன்னுதான் பாத்துட்டிருந்தீங்களா?"

மழுப்ப வழியில்லை. "ஆமாடா."

"அப்பவும் பாஸ் போடலையா?" அவன் அக்கா பக்கம் திரும்பினான். "விடுக்கா. நான் அந்தப் பொண்ணை நிஜமாவே பாக்கல."

மருந்துக் கம்பெனி வேலை வேறு யாருக்கோ போயிற்று. மனைவி முகம் கொடுத்துப் பேச வெகுநாளாயிற்று. பேசியபோது, "அப்போ தயங்கவே இல்லையா நீங்க?" என்றுதான் கேட்டாள்.

"அவ இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒதுங்கியிருந்தா, பாஸ் போட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய், சொந்தக்காரர் யார் வந்தாலும் தன்னிடம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மச்சினனை அடுத்த தடவை சோதித்தது, காய்ச்சல் தேறி வந்த அதிகாரி. பாஸாகிவிட்டான். இப்போது ஒரு சலவைக் கடைக்கு வேன் ஓட்டுகிறான்.