இன்னும் மூன்று சுற்று

பைக் ரேஸ் காட்டிய சேனலைக் கேபிளில் நிறுத்திவிட்டார்கள். இனிச் சந்தா கட்டி ஸ்மார்ட் போனில்தான் பார்க்க வேண்டும். கம்பைநல்லூரில் தனியாக இருக்கும் குப்புராஜிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவரோடு பன்னிரண்டு வருடம் ரேஸ் பார்த்த மாதவராஜ் ஓசூருக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். குப்புராஜ் வீட்டில் இருவரும் போட்ட கூச்சலுக்கு அப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த ஞாயிறு மாதவராஜ் மகனின் போனில் ரேஸைப் பார்த்து, தன் போனில் குப்புராஜுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் மூணு சுத்துதான். நம்ம பையன் ரெண்டாவதா வர்றான்."

"முன்னாடி போறவன் டயர் எப்படி இருக்குது?"

"தேஞ்சிடுச்சு. வளைவுல வழுக்குது... இருப்பா, பேத்தி போனப் புடுங்கறா."

போன் நின்றது. டிவியில், ரேஸ் சேனல் வந்த நம்பரில் இப்போது யாரோ வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் அதையே பார்த்தபடி இருந்தார்.

அரை மணி கழித்துப் போன் அடித்தது.

"நம்ம பையன் ஜெயிச்சுட்டாம்பா."

"அத யாரு கேட்டா? மூணு சுத்து பாக்கி வெச்சுட்டுப் போன. அங்கிருந்து சொல்லு."

"எங்க ஞாபகம் இருக்குது? வூட்ல எல்லாரும் கத்துனாங்க. நானும் கத்துனேன்."

"நீயுமா?"

"பின்ன?"

"சரி, வெச்சுடு."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.