எடை மேடைக்குப் போன அழைப்பு

1

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதால் கிடைத்த கதை இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எரிந்த மோட்டார்களுக்குச் செப்புக் காயில் கட்டும் பட்டறை ஒன்றுக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்யும் பஞ்சவர்ணம், செப்புக் கம்பியைச் சுற்றியபடியே, போன ஜூனில் தனக்கு நடந்ததைச் சொன்னாள். மோட்டார் அன்று மாலையே ஓடியது. கதைதான் மூன்று மாதமாக நகரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இணையம் என்னும் மாபெரும்...'

வேண்டாம். பஞ்சவர்ணத்தை இப்படிப்பட்ட வாக்கியத்துக்குள் உட்காரவைக்க முடியாது.

2

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கொரட்டூரிலிருந்து வேலைக்கு வருகிறாள். பதினாறு வருடமாக மோட்டார் கட்டுகிறாள். கைக்குத் தெரிந்ததைக் காகிதத்திலும் வாங்கிவிட வேண்டும் என்று பகுதிநேர டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தாள். விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு முடிந்துவிடும். அவள் கைபேசி முந்தின நாள்தான் தண்ணீர்த் தொட்டியில் விழுந்திருந்தது. ஆபீஸ் அறையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு முதலாளி வெளியே போயிருந்தார்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தாள். கல்லூரியின் பக்கம் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது திரை. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே வரி. ஏதோ திருடன் தன் சான்றிதழ்களுக்காக உள்ளே காத்திருக்கிறான் என்று நினைத்தாளாம்.

செய்தித்தாளில் வந்த கல்லூரி அறிவிப்பில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு மேசை ஃபோனிலிருந்து அடித்தாள். பதற்றத்தில் ஏதோ ஓர் எண் மாறிப்போனது. எது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

3

(எடுத்தவரின் பெயரும் அவளுக்குத் தெரியாது. டில்லிபாபு என்பது நான் வைத்தது.)

"அட்மிஷன் ஆபீஸா சார்?"

"ராங் நம்பர்மா. இது நசரத்பேட்ட எடை மேடை. லாரிக்கு எடை போடற எடம்."

அவள் ஃபோனை வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கவில்லை. "டிப்ளமோ அப்ளிகேஷன அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கண்ணா. கம்ப்யூட்டர்ல காலேஜ் பக்கமே தொறக்க மாட்டேங்குது," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எதிர்முனையில் லாரி ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"இன்னா சொல்லுது?"

"பாதுகாப்பு இல்லன்னு சொல்லுதுண்ணா."

"கீழ மூலைல தேதி இன்னா போட்டுகீது?"

பார்த்தாள். 2009, ஜனவரி ஒன்று.

"அதாம்மா. நம்ம மிஷினும் கரண்டு போனா இப்டித்தான் பின்னால ஓடும். உள்ள பட்டன் பேட்டரி செத்துப்பூட்ருக்கும். தேதிய மாத்து. இரு, ஒரு வண்டி ஏறுது... ஆங், சொல்லு."

[இங்கே ஒரு குறிப்பு. இணையதளம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2009இல் இருப்பதாக நம்பும் கம்ப்யூட்டருக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் சந்தேகம். இது அவர்கள் இருவருக்கும் தெரியாது. நானும் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.]

தேதியை மாற்றினாள். பக்கம் திறந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அது வேறொரு பக்கத்துக்கு அனுப்ப, அந்தப் பக்கம் திரும்ப இங்கேயே அனுப்ப, சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோய் வெள்ளையாக நின்றது. மணி நாலு முப்பத்தைந்து.

"எங்க கம்ப்யூட்டரும் சில நேரம் இப்டி சுத்தும்மா. பழைய ஞாபகத்த அழிச்சிடணும். கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட், மூணையும் ஒண்ணா அமுக்கு. குக்கீஸ்னு ஒண்ணு வரும், அத்த டிக் பண்ணி அழி."

அழித்தாள். படிவம் வந்தது. பென் டிரைவில் கொண்டுவந்திருந்த சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாலு ஐம்பத்து மூன்றுக்கு விண்ணப்ப எண் வந்தது. அதுவரை அவர் ஃபோனை வைக்கவில்லை. நடுவில் ஏழு லாரிகள் எடை போட்டார்.

"முடிஞ்சிச்சா? சரிம்மா, வண்டி நிக்குது."

அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

4

இவ்வளவு நல்லவரை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா என்ற பயத்தில், ஒரு பிரதியில் அவரைக் கொஞ்சம் சிடுசிடுக்க வைத்தேன். பஞ்சவர்ணத்திடம் படித்துக் காட்டினேன்.

"அவரு அப்டிப் பேசல சார். அத எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன்.

5

இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் பேருந்து ஏறினாள். நெடுஞ்சாலையோரம் எத்தனை எடை மேடைகள். முதல் இரண்டிலும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்றாவதில், ஜன்னலுக்கு உள்ளே நரைத்த மீசைக்காரர் ஒருவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஃபோன்லயே கம்ப்யூட்டர் சரி பண்ணிக் குடுத்தது நீங்களாண்ணா?"

அவர் நிமிரவில்லை. "நான் இல்லம்மா."

"பரவால்லண்ணா. யாருகிட்டனா சொல்லிட்டுப் போறேன். ரொம்ப நன்றிண்ணா."

திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"டிப்ளமோல எடம் கெடச்சிச்சாமா?"

"கெடச்சிச்சிண்ணா."

6

அந்த ஜன்னலில் நின்றபோது டிப்ளமோ என்று மீசைக்காரரிடம் தான் சொல்லவே இல்லை என்கிறாள் பஞ்சவர்ணம். பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாய் என்கிறேன் நான். என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவர் எழுந்து வெளியே வருகிறார். மற்றதில் அவர் உண்மையாகவே வேறு யாரோ. இரண்டையும் அடித்துவிட்டேன்.

அவர்தானா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் நன்றி சொல்லிவிட்டாள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.