ஒன்பதாம் இலக்கத்து மழை

வெள்ளவத்தையில் பாலசுந்தரத்தின் வீட்டு முன்னறையில் ஒரேயொரு படம்தான் தொங்கும். சாமிப் படங்களுக்கெல்லாம் உள்ளறை. முன்னறையில் இருப்பது எண்பத்தோராம் ஆண்டுப் படம்: கொட்டும் மழை, கதவில் ஒன்பது என்று எழுதிய கார், பக்கத்தில் இருபத்துநான்கு வயதுப் பாலசுந்தரம். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தேநீர் வராது.

கேட்டால் கதை வரும். அன்று தகுதிச் சுற்றில் மழை பிடித்ததும் மற்றவர்கள் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்தார்களாம். அவர் மட்டும் வெளிக்கிட்டாராம். அது கடலோரத்துப் பழைய விமான ஓடுபாதை. காங்கிரீட்டில் எப்போதும் நைஸ் மணல் கிடக்கும். மழை அதைக் கழுவினால்தான் டயர் பிடிக்கும். அந்த ரகசியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். முதலிடம்.

தொலைக்காட்சியில் இப்போது காட்டுகிற பந்தயங்களை அவர் பார்ப்பது திட்டுவதற்காகத்தான். "இது பாதையே? ஹோட்டல் முற்றம். பிழை விட்டாலும் திரும்பி வரலாம். எங்கட பாதையில பிழை விட்டால் தென்னைமரம்!" மழை தூறினாலே ஓட்டத்தை நிறுத்துகிறவர்களை அவர் ஓட்டுநர் கணக்கில் சேர்ப்பதில்லை. கணினியில் ஓடிப் பழகிவிட்டுப் பந்தயத்துக்கு வருகிற திலக்ஷன் போன்ற பணக்காரப் பிள்ளைகளை மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மருமகன் ரொனியை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ரொனி கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருப்பவன். மகள் யதுஷா அவனைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டினாள். பாலசுந்தரம் கலியாணத்துக்குப் போனார்; சாப்பிடவில்லை.

ஆனால் இந்த வருடம் ரொனியை விட்டால் ஆள் இல்லை. பந்தயக் கழகத்தின் வழக்கம் அப்படி. ஓர் இலக்கம் ஒரு வீட்டுக்கு உரியது. பந்தயம் நடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு ஆள் ஒருவர் தகுதிச் சுற்றில் முதல் பதினாறுக்குள் வரவேண்டும். ஒருதரம் தவறினால் இலக்கம் கேட்டவருக்குப் போய்விடும். இவ்வளவு காலமும் ஓட்டிய பெறாமகன், தம்பியின் பிள்ளை பிரியந்தன், கனடாவுக்குப் போய்விட்டான். ஒன்பதாம் இலக்கம் வேண்டுமென்று திலக்ஷன் கடிதமும் கொடுத்துவிட்டான்.

களுத்துறைக்கு அங்கால், ஓடுபாதையின் கொட்டகைக்குள் பாலசுந்தரம் நுழைந்தபோது முப்பது நிமிடத் தகுதிச் சுற்றில் பதினெட்டு நிமிடம் போயிருந்தது. வெளியே இருபத்தொரு கார்கள் காங்கிரீட்டுப் பொருத்துகளில் தடதடத்துப் பறந்தன. இருபத்திரண்டாவது கார், ஆழமாக வரிவெட்டிய மழை டயர்களோடு உள்ளே நின்றது. அதற்குள் ரொனி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"வாங்க மாமா. கதிரை போடச் சொல்லவா?"

"நான் இருக்க வரேல்லை. ஊரெல்லாம் ஓடுது. நீர் ஏன் இதுக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறீர்? கோயிலுக்கு நேர்ந்து விட்டிருக்கோ?"

"மழை வரட்டும் மாமா. அந்தா, கடல் பக்கம் கறுத்துட்டு. இன்னும் பத்து நிமிஷத்துல கொட்டும்."

"கொட்டினால்?"

ரொனி குரலைத் தாழ்த்தினான். "மணல் கழுவுப்படும்தானே? யது எல்லாம் சொன்னா. வேற ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கட வீட்டு ரகசியம்."

எங்கட வீட்டு ரகசியம்! பாலசுந்தரத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். கராஜ்காரன், இயந்திரத்தின் வயிற்றைக் காதால் பார்த்தே நோய் சொல்கிறவன், இந்தக் கதையை எப்படி விழுங்கினான்? அதற்குப் பிறகுதான் ஆபத்து உறைத்தது. நனைந்த காங்கிரீட் சவர்க்காரமாய் வழுக்கும். காய்ந்த பாதையில் எடுத்த நேரத்தை மழையில் எவனாலும் எட்ட முடியாது.

"டயரை மாத்தும். இப்பவே போம்."

"பொறுங்க மாமா. அண்டைக்கு நீங்க பொறுத்தீங்கதானே?"

"நான் சொல்லுறன், போம்!"

"பயப்படாதீங்க. நான் உங்கட பேரைக் கெடுக்கமாட்டேன்."

கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்த யதுஷா, "அப்பா, அவர் மூண்டு கிழமையா இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறார், விடுங்கோ," என்றாள். "ஒன்பது நிமிஷம் இருக்கு."

கொட்டகைத் தகரத்தில் ஒரு துளி விழுந்தது. இலக்கம் போனால் முன்னறைப் படம் வெறும் பழைய படம். இலக்கம் நிற்கவேண்டுமென்றால் படம் இப்போதே பொய்யாகவேண்டும். பாலசுந்தரம் முதுகை நிமிர்த்தினார். மன்னிப்புக் கேட்கிற குரல் அவரிடம் இல்லாததால் திட்டுகிற குரலிலேயே சொன்னார்.

"விசரா, கேள். எண்பத்தொண்டில நான் மழைக்கு முதலே ஓடி முடிச்சிட்டன். பிறகுதான் மழை வந்தது. மற்றவங்கள் வெளிக்கிட ஏலாமல் போச்சுது. படம் எடுக்கேக்க மழை பெஞ்சது, அவ்வளவுதான். கழுவுறதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாற்பது வருஷமாப் புளுகினனான். போ இப்ப!"

யதுஷா கடிகாரத்தை விட்டு அப்பாவைப் பார்த்தாள். ரொனி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்துச் சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னான். கார் மேலே எழும்பியது; நான்கு டயர்களும் கழன்றன, ஏறின. மூன்றரை நிமிடம் மீதி. டயர் சூடாக ஒரு சுற்று, நேரம் எடுக்க ஒரு சுற்று.

இரண்டாம் சுற்றின் முக்கால் பங்கைக் காய்ந்த பாதை கொடுத்தது. கடல் பக்க வளைவில் மழை திரைபோல் இறங்கிவிட்டது. முன்னால் போன கார் எல்லாரும் போகிற உள்வரியைப் பிடித்து, டயர்கள் தேய்த்துவிட்ட ரப்பர் நனைந்து மினுங்குகிற இடத்தில் பம்பரமாய்ச் சுழன்றது. ரொனி உள்வரியை விட்டான். வெளி ஓரமாக, தென்னைகளுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்காமல் சுற்றிக்கொண்டு வந்தான். மழையில் ஓட வேண்டிய விதம் அதுதான். பாலசுந்தரத்துக்கு அது தெரியும். செய்து பார்க்கும் துணிச்சல் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவன் முடிவுக்கோட்டைக் கடந்ததும் மழை முழுப் பாதையையும் மூடியது.

"எத்தினை?" என்று கேட்டார்.

"பதினாறு," என்றாள் யதுஷா. அவள் குரலில் சிரிப்பு இருந்ததா அழுகை இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

"பதினாறு! எங்கட வீட்டில ஒருத்தரும் பதினாறில நிண்டதில்லை."

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது. மாளிகாவத்தை ஹாஷிம்தான் வருடாவருடம் அறிவிப்பாளர். "பாருங்க, பாருங்க! மறுபடியும் ஒன்பதாம் இலக்கம்! எண்பத்தொண்டுல பாலசுந்தரம் அங்கிள் கொட்ற மழையில முதலிடம் எடுத்த அதே வீடு..."

பாலசுந்தரம் குடையை வாங்காமல் நடந்தார். அறிவிப்பாளர் கூண்டின் ஏணியில் ஏறும்வரை முதுகு வளையவில்லை. வேட்டி சொட்டச் சொட்ட உள்ளே போய் நின்றார்.

"நிப்பாட்டும் உம்மட புளுகை."

ஹாஷிம் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டான். "அல்லாவே, அங்கிள், இது நீங்க எனக்குச் சொன்ன கதைதானே?"

"ஆர் சொன்னாலும் யோசிக்காமல் சொல்லுறதே? மழையில முதலிடம் வருமோ? மூளையை வீட்டில வச்சிட்டே வாறனீர்?"

"கதை நல்லாத்தானே இரிக்கி. வுடுங்களேன்."

"கொண்டாரும் அதை."

ஒலிவாங்கியை அவரே பறித்து வாயருகில் பிடித்தார். பாதை முழுக்க அவர் குரல் கேட்டது.

"ஒன்பதாம் இலக்கம். எண்பத்தோராம் ஆண்டு காய்ஞ்ச பாதை. ஓட்டினது நான். இண்டைக்கு மழை. ஓட்டினது ரொனி. என்ர மருமகன்."

திருப்பிக் கொடுக்கப்போனவர், நின்று மறுபடியும் வாயருகில் பிடித்தார்.

"பதினாறாம் இடம்தான்."