கல்லில் ஊறிய பால்

பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில், சோரியாங்குப்பத்தில் அமுதம் பயிரிட்டிருந்த வேர்க்கடலைக் கொல்லையில், வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. தேங்காய் அளவினதாகவும் அடுப்புக்கரியை ஒத்த நிறத்தினதாகவும் இருந்த அக்கல்லைப் பதினோராம் நாள் ஆராய்ச்சியாளர் ஜோஸ்பின் வந்து பெற்றுச் சென்றார். "இதும்மேல ஏதாவது பட்டுச்சாக்கா?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணும் படலம்மா. எடுத்து வச்சதோட சரி" என்று அமுதம் விடையளித்தாள். அவ்விடை உண்மையன்று.

ஐப்பசியில் ஜோஸ்பின் மீண்டும் வந்தார். அவருடன் அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த மூத்தவரான கோவிந்தராஜும் வந்திருந்தார். அமுதத்தின் கணவன் வீரமணி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான்.

"வர்ற திங்கக்கெழம கருத்தரங்குல நம்ம கல்லப் பத்திப் பேசப் போறேன்க்கா. உங்க ஊர் பேரு பெரிய பெரிய ஆளுங்க வாயில வரப்போவுது" என்றார் ஜோஸ்பின்.

விண்கற்களுள் கார்பன் மிகுந்தவை ஒரு வகை. புரதங்களின் கட்டுமானப் பொருளாகிய அமினோ அமிலங்கள் அவற்றுள் காணப்படுவதுண்டு. நம் இரு கைகள் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இடக்கை, வலக்கை என்னும் இரு வடிவங்களில் அவ்வமிலங்களுட் பெரும்பாலானவை அமையும். உயிரற்ற வினைகளில் இரண்டும் பொதுவாகச் சரிபாதியாக விளையும். உயிர்களின் புரதத்திலோ இடக்கை வடிவமே ஆட்சி செய்கிறது. அமுதத்தின் கல்லில் இடக்கை வடிவம் மிகுந்திருந்தது. உயிர் தோன்றுவதற்கு முன்னரே வானில் இச்சாய்வு உண்டாகிவிட்டது என்பது ஜோஸ்பினின் துணிபு. கல் பூமிக்கு வந்தபின் ஒட்டிக்கொண்டது என்பது கோவிந்தராஜின் துணிபு.

"ஒட்டிக்கிச்சின்னா எது ஒட்டிக்கிச்சின்னு காட்டணும் சார். அக்காதான் எதுவும் படலன்னு சொல்லிட்டாங்களே."

"எனக்கும் நம்ப ஆசதாம்மா. ஆனா பால் புரதத்த ஒத்திருக்கற உன் அளவப் பாத்தா, வானத்துல எவனோ மாட்டுப்பண்ண வச்சிருக்கற மாதிரில்ல இருக்குது."

வீரமணி சிரித்தான். "நம்ம செவலதான் வேலி தாண்டிப் போயிருக்கும் சார். அதுக்கு அந்தப் புத்தி உண்டு."

அமுதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், அது மிதிவண்டியாயினும் மிக்ஸியாயினும், மஞ்சள் நீர் தெளித்துப் பொட்டிடுவது அவள் வழக்கம். வானமே அனுப்பிய பொருளுக்கு அது போதுமென்று அவள் கருதவில்லை. கணவன் வேலைக்குச் சென்றிருந்த வெள்ளிக்கிழமையில் அக்கல்லுக்கு மஞ்சள் நீர் தெளித்து, நல்லெண்ணெய் பூசி, செவலைப் பசுவின் பாலை ஒரு சொம்பு ஊற்றி, சூடம் காட்டினாள். பின்னர் ஆராய்ச்சியாளர் வருகிறார் என்ற செய்தி வந்ததும், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பொருளை விருந்தாளி கையில் கொடுப்பது மரியாதையன்று எனக் கருதி, சீயக்காய் நீரில் ஒரு பகல் முழுதும் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். கழுவியது போயிற்று என்றே நம்பினாள். பூசை செய்ததைச் சொன்னால் கல் வேண்டாமென்று விட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம், அன்று அவள் வாயைக் கட்டியது.

அன்று அவள் சொன்ன பொய்யைத் திங்கட்கிழமை ஜோஸ்பின் சபையில் உண்மையென்று சொல்லப்போகிறார். யாரேனும் பிற்பாடு கண்டறிந்தால் தலைகுனிவது ஜோஸ்பினாக இருக்கும்.

"டாக்டரம்மா, அந்தக் கல்லுக்கு நான் பால் ஊத்தனேன்" என்றாள் அமுதம்.

ஜோஸ்பின் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். வீரமணி, "எங்கிட்டகூட சொல்லல, இன்னா அழுத்தம் பாரு" என்று முணுமுணுத்தான்.

அமுதம் எதையும் மறைக்காமல் வரிசையாகக் கூறினாள். சீயக்காய் நீரில் ஊறவைத்த இடம் வந்தபோது கோவிந்தராஜ் கண்களை மூடிக்கொண்டார். நுண்துளைகள் மிக்க கல்லை நீரில் ஊறவைத்தால், மேலே பூசியது உள்ளே இறங்குமேயன்றி வெளியேறாது.

"மன்னிச்சிக்கம்மா" என்றாள் அமுதம்.

ஜோஸ்பின் தம் பையிலிருந்து அமில அளவுப் பட்டியலை எடுத்து மடியில் விரித்தார். பிறகு, "திங்கக்கெழமக்கி முன்னாடி சொன்னீங்களே, அதுவே போதும்க்கா" என்றார். "இடக்கைக் கத முடிஞ்சிபோச்சி சார். நீங்க சொன்னதுதான்."

வென்றவர் போலக் கோவிந்தராஜ் நடந்துகொள்ளவில்லை. "அவசரப்படாத. உன் பட்டியல்ல ஐசோவாலின் இருக்குதே, புரதத்துல சேராத அமிலம் அது; எந்த மாட்டுப் பால்ல வருது?"

"கொல்ல மண்ணுல பூஞ்ச இருக்கும் சார். சில பூஞ்ச அதையும் செய்யும்."

"சீயக்காத் தண்ணியில பூஞ்ச எங்கருந்து வந்துச்சி?"

"மண்ணு ஒட்டியிருக்காதா?"

ஒருவர் வழக்கை மற்றவர் எடுத்து வாதாடுவதை அமுதம் வியப்புடன் பார்த்தாள். எது எதிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இருவரும் அவளிடமே மாதிரிகள் கேட்டனர்: செவலையின் பால், அவள் வழக்கமாக வாங்கும் கடையின் மஞ்சள், நல்லெண்ணெய், சூடம், சீயக்காய், தேங்காய் நார், கல் விழுந்த குழியின் மண். ஒவ்வொன்றும் தனித்தனிக் குப்பியில் அடைக்கப்பட்டது. குப்பிகளின் பட்டியலுக்குக் கீழே, அவள் கூறியவாறு எழுதப்பட்டது என்று குறித்து, ஜோஸ்பின் அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

வண்டி புறப்பட்டுத் தெருமுனையை அடைவதற்குள் அமுதம் ஓடிச்சென்று கண்ணாடியைத் தட்டினாள்.

"இன்னொண்ணு வுட்டுட்டேம்மா. கழுவனப்புறம் முந்தானையில தொடச்சேன். இதே பொடவதான்."

கோவிந்தராஜ் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். அமுதம் அதை வாங்கி, தன் முந்தானையின் நுனியில் ஒரு சாண் வெட்டித் தானே குப்பிக்குள் போட்டாள்.